பதர் பறப்பது ஏன்? மருந்து பறப்பது ஏன்?
விழும் பொருளின் வேகக் கணக்கும் மருந்து தெளிப்பும்

களத்தில் நெல் தூற்றும்போது மணி நேரே விழுவதையும் பதர் தள்ளிப் போய் விழுவதையும் உழவர் பெருமக்கள் நன்கு அறிவர். முறத்தை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், எந்தத் திசையில் நிற்க வேண்டும், காற்று போதுமா போதாதா என்பதெல்லாம் அனுபவத்தில் கைவந்த பாடங்கள். ஆனால் அதே வயலில் மருந்து தெளிக்கும்போது இந்தப் பாடத்தை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். நெல்லுக்கு அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் பறந்து பக்கத்து வயல் பருத்தியின் இலைகளைச் சுருங்க வைத்து, வரப்புத் தகராறாக முடிவதுண்டு. பூச்சிக்கொல்லி தெளித்த சாரல் மல்பெரித் தோட்டத்தில் படிந்தால், அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுக்கள் மடிந்துவிடும். தெளிப்பவரின் முகத்திலும் மூச்சிலும் ஏறும் மருந்தோ உயிருக்கே ஆபத்தானது.

பதர் பறப்பதற்கும் மருந்துத் துளி பறப்பதற்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே. அந்தக் காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். எட்டாம் வகுப்புக் கணக்குத் தெரிந்தால் போதுமானது. வீட்டில் படிக்கும் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் இன்னும் நல்லது.

காற்று இல்லாவிட்டால்

பூமி எல்லாப் பொருள்களையும் தன்னை நோக்கி இழுக்கிறது. காற்று என்ற ஒன்று இல்லாவிட்டால், விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் 9.8 மீட்டர் கூடிக்கொண்டே போகும். முதல் விநாடி முடிவில் விநாடிக்கு 9.8 மீட்டர் வேகம், இரண்டாம் விநாடி முடிவில் 19.6 மீட்டர் வேகம் என்று கணக்கு ஏறும். இப்படி வேகம் கூடும் அளவையே முடுக்கம் என்கிறோம். காற்றில்லாத இடத்தில் இரும்புக் குண்டுக்கும் பறவை இறகுக்கும் இந்த முடுக்கம் ஒன்றுதான். 1971ஆம் ஆண்டு அப்பல்லோ 15 விண்கலத்தில் நிலவுக்குச் சென்ற டேவிட் ஸ்காட், ஒரு சுத்தியலையும் ஓர் இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டுக் காட்டினார். காற்றே இல்லாத நிலவில் இரண்டும் ஒன்றாகவே தரையைத் தொட்டன. நிலவின் இழுப்பு குறைவு என்பதால் மெதுவாக விழுந்தன. ஆனால் ஒன்றாக விழுந்தன.

நிலவில் நெல் தூற்ற முடியாது. மணியும் பதரும் ஒரே குவியலாகத்தான் விழும். காற்றுத் தடை இருப்பதால்தான் நம் களத்தில் நெல்லும் பதரும் பிரிகின்றன.

காற்றுத் தடை என்பது என்ன?

மிதிவண்டியில் மெதுவாகப் போகும்போது முகத்தில் காற்று தெரிவதில்லை. வேகமாக மிதித்தால் எதிரே தள்ளுகிறது. விழும் பொருளுக்கும் இதே நிலைதான். வேகம் கூடக் கூடக் காற்று அதை மேல் நோக்கித் தள்ளும் விசையும் கூடுகிறது. இதன் விளைவு மூன்று கட்டங்களாக அமையும்.

முதலாவதாக, கைவிட்ட கணத்தில் வேகம் இல்லை. ஆகவே தடையும் இல்லை. முடுக்கம் முழு 9.8.

இரண்டாவதாக, வேகம் ஏற ஏறத் தடை எடையில் ஒரு பகுதியை ஈடு செய்துவிடுகிறது. மிச்சமுள்ள எடைக்கு ஏற்பவே முடுக்கம் கிடைக்கிறது. வேகம் கூடிக்கொண்டுதான் இருக்கும். கூடும் அளவு குறைந்துகொண்டு வரும்.

மூன்றாவதாக, தடை எடைக்குச் சமமாகிவிட்டால் முடுக்கம் பூஜ்யம். அதன் பிறகு பொருள் ஒரே சீரான வேகத்தில் இறங்கும். இந்த வேகத்திற்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். இக்கட்டுரையில் முற்று வேகம் என்று சுருக்கமாகச் சொல்வோம்.

மழைத் துளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து காற்றுத் தடையின்றி விழுந்தால், அது விநாடிக்கு 140 மீட்டர், அதாவது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பயிரைத் தாக்கும். ஒரு மழையிலேயே பயிர் கிழிந்து போகும். உண்மையில் 2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மழைத் துளியின் முற்று வேகம் விநாடிக்கு 6.5 மீட்டர்தான். காற்றுத் தடைதான் நம் பயிரைக் காப்பாற்றுகிறது.

முடுக்கத்தைக் கணக்கிடும் முறை

ஒரு பொருளின் முற்று வேகம் தெரிந்துவிட்டால், எந்த நிலையிலும் அதன் முடுக்கத்தை எளிதில் கணக்கிடலாம். இரண்டு சூத்திரங்கள் உள்ளன.

நெல், தேங்காய், ஆலங்கட்டி போன்ற பெரிய பொருள்களுக்குக் காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்கு. இவற்றிற்கு,

முடுக்கம் = 9.8 × (1 − விகிதத்தின் வர்க்கம்)

பனிப்புகை, நுண்ணிய மருந்துத் துளி போன்ற மிகச் சிறியவற்றுக்குத் தடை வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். இதை 1851ஆம் ஆண்டில் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் கண்டு சொன்னார். இவற்றிற்கு,

முடுக்கம் = 9.8 × (1 − விகிதம்)

இரண்டிலும் விகிதம் என்பது அப்போதைய வேகத்தை முற்று வேகத்தால் வகுத்து வரும் ஈவு. ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்குக் குறைந்த துளிகளுக்கு இரண்டாவது சூத்திரம் பொருந்தும். நடுத்தர அளவுத் துளிகள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை.

நெல்லும் பதரும்

நெல்மணியின் முற்று வேகம் இரகத்துக்கு இரகம் மாறும். கணக்குக்காக விநாடிக்கு 6 மீட்டர் என்று கொள்வோம். முதல் சூத்திரப்படி,

வேகம் 0 எனில் முடுக்கம் 9.8
வேகம் 3 மீட்டர் எனில் 9.8 × (1 − 1/4) = 7.35
வேகம் 5 மீட்டர் எனில் 9.8 × (1 − 25/36) = 3.0
வேகம் 6 மீட்டர் எனில் 0

குறிப்பிட்ட நேரத்தில் வேகம் எவ்வளவு என்று அறிய வட்டிக் கணக்குப் போலச் சிறு தவணைகளாகப் போட வேண்டும். ஒரு தவணை பத்தில் ஒரு விநாடி. முதல் தவணையில் முடுக்கம் 9.8, எனவே தவணை முடிவில் வேகம் 0.98. இந்த வேகத்துக்குச் சூத்திரத்தைப் போட்டால் முடுக்கம் 9.54; இரண்டாம் தவணை முடிவில் வேகம் 1.93. இப்படியே அடுத்தடுத்து 2.81, 3.58, 4.21 என்று வரும். அரை விநாடி முடிவில் சரியான விடை 4.04, தவணையை இன்னும் சிறிதாக்கினால் நம் விடையும் அதை நெருங்கும். காற்று இல்லையென்றால் அதே அரை விநாடியில் 4.9 மீட்டர் வேகம் வந்திருக்கும்.

பதருக்கு வருவோம். உருவம் நெல் அளவே; எடை நெல்லில் நான்கில் ஒரு பங்கு என்று கொள்வோம். வர்க்கக் கணக்கில் எடை நான்கில் ஒன்றானால் முற்று வேகம் பாதியாகும். அதாவது 3 மீட்டர். நெல்மணி 3 மீட்டர் வேகத்தை எட்டும்போது அதற்கு இன்னும் 7.35 முடுக்கம் மிச்சமிருக்கிறது. பதரோ அந்த வேகத்தில் முடுக்கம் முழுவதையும் இழந்துவிடுகிறது. 2 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டினால் நெல் 0.7 விநாடியில் தரைக்கு வரும்; பதருக்கு ஏறத்தாழ 0.9 விநாடி ஆகும்.

இந்தச் சிறு வேறுபாடு மட்டுமே நெல்லையும் பதரையும் பிரித்துவிடாது. பக்கவாட்டில் வீசும் காற்றும் இதே கணக்கில்தான் தள்ளுகிறது. விநாடிக்கு 3 மீட்டர் வேகக் காற்று வீசினால், தொடக்கத்தில் நெல்லுக்குக் கிடைக்கும் பக்கவாட்டு முடுக்கம் 9.8 × (3/6)ன் வர்க்கம் = 2.45. பதருக்கு 9.8 × (3/3)ன் வர்க்கம் = 9.8. அதாவது நான்கு மடங்கு. பதர் தொலைவில் போய் விழுவதும், கருக்காய் இரண்டுக்கும் நடுவே விழுவதும் இதனால்தான்.

கனமான பொருளுக்கு இந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல. 15 மீட்டர் உயர மரத்திலிருந்து விழும் தேங்காய் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்து விழும். காற்று அதை மிகச் சிறிதே குறைக்கும். காய் வெட்டும்போது மரத்தடியில் எவரையும் நிற்க விடக் கூடாது.

மருந்துத் துளியின் கணக்கு

தெளிப்பானின் நாசிலிலிருந்து வரும் துளிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிதும் சிறிதும் கலந்தே வருகின்றன. இவற்றை மைக்ரான் கணக்கில் அளப்பார்கள். ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர். அசையாத காற்றில் நீர்த் துளிகளின் முற்று வேகம் வருமாறு:

400 மைக்ரான்: விநாடிக்கு 162 செ.மீ.
200 மைக்ரான்: விநாடிக்கு 72 செ.மீ.
100 மைக்ரான்: விநாடிக்கு 27 செ.மீ.
50 மைக்ரான்: விநாடிக்கு 7.5 செ.மீ.

குறுக்களவு பாதியானால் எடை எட்டில் ஒன்றாகிவிடும். காற்று மோதும் பரப்போ நான்கில் ஒன்றாகவே குறையும். ஆகவே சிறு துளிக்கு அதன் எடையை நோக்கத் தடை அதிகம். வேகம் இவ்வளவு குறைவதற்கு இதுவே காரணம்.

50 மைக்ரான் துளிக்கு இரண்டாவது சூத்திரத்தைப் போடுவோம். வேகம் 2.5 செ.மீ. ஆகும்போது முடுக்கம் 6.5. வேகம் 5 செ.மீ. ஆகும்போது 3.3. வேகம் 7.5 செ.மீ. ஆனதும் முடுக்கம் இல்லை. இந்தத் துளி இரண்டு மூன்று மில்லிமீட்டர் விழுவதற்குள்ளாகவே முற்று வேகத்தை அடைந்துவிடுகிறது. அதன் பிறகு அது ஆமை வேகத்தில்தான் இறங்கும்.

"நாசிலிலிருந்து மருந்து வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறதே, அந்த வேகத்தில் பயிருக்குப் போய்ச் சேராதா?" என்று கேட்கலாம். அதற்கும் சூத்திரம் விடை சொல்கிறது. துளியின் வேகம் முற்று வேகத்தைப் போலப் பத்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 9.8 × (1 − 10) = −88. குறைக் குறி வந்துவிட்டது. அதாவது துளியின் வேகம் கூடாமல் குறைகிறது. அதுவும் பூமியின் இழுப்பைப் போல ஒன்பது மடங்கு கடுமையாகக் குறைகிறது. நாசிலை விட்டு எவ்வளவு வேகமாகப் புறப்பட்டாலும் நுண்துளி ஏறத்தாழ ஒரு சாண் தூரத்துக்குள் அந்த வேகத்தை இழந்துவிடும். அதன் பிறகு அது காற்றின் கையில்தான். பம்பை அழுத்தி அடித்தால் மருந்து ஆழமாக இறங்கும் என்று எண்ணி அழுத்தத்தைக் கூட்டுவது தவறு. அழுத்தம் கூடினால் துளிகள் மேலும் நுண்ணியவையாகும், பறப்பது அதிகமாகும்.

எவ்வளவு தூரம் பறக்கும்?

பயிருக்கு மேல் அரை மீட்டர் உயரத்தில் நாசில் இருக்கிறது. காற்று விநாடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. உயரத்தை முற்று வேகத்தால் வகுத்தால் துளி இறங்கும் நேரம் கிடைக்கும். அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் பறக்கும் தூரம் கிடைக்கும். ஏறத்தாழக் கணக்கு இது:

400 மைக்ரான்: 0.3 விநாடி, 0.6 மீட்டர்
200 மைக்ரான்: 0.7 விநாடி, 1.4 மீட்டர்
100 மைக்ரான்: 1.85 விநாடி, 3.7 மீட்டர்
50 மைக்ரான்: 6.7 விநாடி, 13 மீட்டர்

நாசிலை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கினால் இந்தத் தூரம் இரு மடங்காகும். 50 மைக்ரான் துளி 27 மீட்டர் தாண்டிப் போய்விடும். சிறு விவசாயிகளின் வயல்கள் பலவற்றுக்கு இந்த அகலம்கூட இருக்காது. உங்கள் வயலுக்கு அடித்த மருந்து அடுத்தவர் வயலில் இறங்குகிறது என்றே பொருள்.

வெயில் நேரத்தில் இன்னொரு கேடும் உண்டு. 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 50 சதவீத ஈரப்பதமும் உள்ள நேரத்தில் 50 மைக்ரான் நீர்த் துளி ஏறத்தாழ 4 விநாடியில் ஆவியாகிவிடும். மேலே கண்ட கணக்குப்படி அது பயிரை அடைய 6.7 விநாடி தேவை. ஆகவே வழியிலேயே நீர் வற்றிப்போய், மருந்து மட்டும் தூசியாகக் காற்றில் மிதக்கும். அது எங்கே போய்ப் படியும் என்று எவராலும் சொல்ல இயலாது.

அப்படியானால் எப்போதும் பெரிய துளியாகவே அடிக்கலாமா? கூடாது. 400 மைக்ரான் துளி ஒன்றிலுள்ள மருந்தைக் கொண்டு 100 மைக்ரான் துளிகள் 64 உண்டாக்கலாம். இலை முழுவதும் மருந்து பரவ அளவான துளிகள் வேண்டும். மிகப் பெரிய துளிகள் இலையில் ஒட்டாமல் உருண்டு மண்ணில் விழுந்து வீணாகும். பூச்சி, பூசண மருந்துகளுக்கு நடுத்தரத் துளியும், களைக்கொல்லிக்குப் பெரிய துளியும் ஏற்றவை.

காற்றின் வேகத்தை அறிய எளிய வழி

கருவி எதுவும் தேவையில்லை. வரப்பில் காற்றின் போக்கில் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நடவும். எருக்கங்காயிலிருந்து பஞ்சை எடுத்து விதையைக் கிள்ளிவிடவும். முதல் குச்சியருகே நின்று கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பஞ்சைப் பறக்க விடவும். அது இரண்டாவது குச்சியைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தில் பார்க்கவும்.

2 விநாடிக்குள் கடந்துவிட்டால் காற்று மணிக்கு 9 கிலோமீட்டருக்கு மேல் வீசுகிறது. அன்று மருந்தடிப்பதைத் தள்ளிப் போடவும். 2 முதல் 6 விநாடி வரை ஆனால் மணிக்கு 3 முதல் 9 கிலோமீட்டர் வேகம், தெளிக்கலாம். 6 விநாடிக்கு மேல் ஆனாலோ, பஞ்சு அங்கேயே சுற்றினாலோ பொறுத்திருக்கவும். காற்றே அசையாமல், அடுப்புப் புகை மேலே எழாமல் வயல் மீது படலமாகப் படுத்திருக்கும் விடியற்காலையில் நுண்துளிகள் இறங்காமல் மிதந்து நிற்கும். பின்னர் மெல்லிய காற்று எழும்போது ஒட்டுமொத்தமாக நகர்ந்து போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடி மாதங்களில் பலத்த மேல்காற்று வீசும் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதி விவசாயிகள் இந்தச் சோதனையை ஒவ்வொரு முறையும் செய்வது அவசியம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நாசிலைப் பயிருக்கு மேல் அரை மீட்டருக்கு மிகாமல் பிடிக்கவும். உயரம் பாதியானால் பறக்கும் தூரமும் பாதியாகும்.

2. களைக்கொல்லிக்குத் தட்டை விசிறி நாசில் அல்லது ஃபிளட் ஜெட் நாசிலைப் பயன்படுத்தவும். பூச்சி மருந்துக்குரிய கூம்பு நாசிலில் களைக்கொல்லி அடிக்க வேண்டாம். களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்துக்கொள்வது நல்லது.

3. தேவைக்கு மேல் அழுத்தம் கொடுக்க வேண்டாம். தேய்ந்த நாசிலை மாற்றவும்.

4. காற்றுக்குக் குறுக்காக நடக்கவும். காற்று போய்ச் சேரும் ஓரத்தில் தொடங்கி, காற்று வரும் திசையை நோக்கி வரிசை வரிசையாக நகரவும். அப்போது மருந்து பட்ட பயிருக்குள் நீங்கள் நடக்க நேராது. சாரலும் உங்கள் மேல் வராது. காற்றுக்கு எதிர்முகமாக ஒருபோதும் தெளிக்கக் கூடாது.

5. காற்றுப் போகும் பக்கத்தில் பருத்தி, காய்கறி, மல்பெரி, தீவனப் பயிர், கிணறு, தேனீப் பெட்டி, வீடு இவற்றில் எது இருந்தாலும் அந்த ஓரத்தில் சில மீட்டர் அகலத்துக்குத் தெளிக்காமல் விடவும். அல்லது காற்றின் திசை மாறும் வரை காத்திருக்கவும்.

6. உச்சி வெயிலில் தெளிக்க வேண்டாம். மாலை நேரம் ஏற்றது. தேனீக்களும் அப்போது பெரும்பாலும் கூடு திரும்பியிருக்கும்.

7. முழுக்கைச் சட்டை, முகமூடி, கையுறை, கண்ணாடி அணியவும். கண்ணுக்குத் தெரியாத துளிகளே நெடுநேரம் காற்றில் நிற்பவை என்பதை மறக்க வேண்டாம்.

8. விசைத் தெளிப்பானிலும் இப்போது பரவிவரும் டிரோனிலும் துளிகள் நுண்ணியவை. டிரோன் பயிருக்கு மேல் இரண்டு மீட்டர் அளவில் பறப்பதும் உண்டு. அதன் விசிறிக் காற்று துளிகளைக் கீழே தள்ளினாலும், பக்கக் காற்று பலமாக இருந்தால் அது போதாது. வாடகைக்கு டிரோன் அமர்த்துவோர் மேற்சொன்ன எருக்கம் பஞ்சுச் சோதனையைச் செய்த பிறகே பறக்க அனுமதிக்கவும்.

காசு கொடுத்து வாங்கிய மருந்து நம் பயிரில்தான் விழ வேண்டும். பக்கத்து வயல்காரரிடம், "நாளை இந்த மருந்து அடிக்கப் போகிறேன்" என்று முன்னதாக ஒரு வார்த்தை சொல்லிவிடுவதும் நல்லது; மாட்டை வேறு பக்கம் ஓட்டிக் கட்டவும், மல்பெரி இலையை முன்கூட்டியே பறித்து வைக்கவும் அவருக்கு அவகாசம் கிடைக்கும். உங்கள் தெளிப்பானுக்கும் பயிருக்கும் ஏற்ற நாசில் எது என்பதில் ஐயம் இருந்தால், தெளிப்பானுடன் அருகிலுள்ள வேளாண் விரிவாக்க மையத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ சென்று கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.